படம் போட்டு நடத்தியும் பிள்ளைகள் மனதில் நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரை அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது, பத்து கம்ப்யூட்டர் உள்ள ஹைடெக் லேபும் இருக்கிறது. மணற்கேணி, திக்‌ஷா என்ற இரண்டு அரசுப் பாடச் செயலிகளிலிருந்தும் வீடியோ எடுத்துப் போடுகிறேன். போட்டால் வகுப்பு கப்சிப். ஆசையாகப் பார்க்கிறார்கள், புரிந்ததா என்றால் எல்லோரும் 'புரிஞ்சுது டீச்சர்' என்கிறார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் பாதிப் பேர் வெறும் தாளைக் கொடுக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் 34 பேர், அதில் ஏழெட்டுப் பேர் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். கரண்ட் இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் கரண்ட் இல்லை. தலைமை ஆசிரியர் போர்டைப் பயன்படுத்தும் போட்டோ வாரா வாரம் கேட்கிறார். மூத்த ஆசிரியர் ஒருவரோ 'சாக்பீஸ் போதும்மா, இதெல்லாம் வேடிக்கை' என்கிறார். வீடியோவை நிறுத்திவிடலாமா? இல்லை, நான் செய்யும் முறையில்தான் கோளாறா?
ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: டீச்சர், வணக்கம். வீடியோவை நிறுத்த வேண்டாம். முறையை மாற்ற வேண்டும், அது உண்மை. ஆனால் அது உங்கள் ஒருவர் கோளாறு இல்லை, இந்த ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு நாம் போன பயிற்சிகளில் பெரும்பாலும் எப்படி ஆன் செய்வது, எங்கே தட்டினால் வீடியோ வரும், கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் எப்படிப் பதிவது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள், வீடியோ ஓடும் ஐந்து நிமிடமும் பிள்ளையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பேசியவர்கள் குறைவு. உங்கள் கடிதத்தில் தேர்வுத் தாளைவிட எனக்குக் கவலை தந்தது அந்த 'புரிஞ்சுது டீச்சர்'தான். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே புரிந்ததாகத்தான் அவர்களுக்குத் தோன்றுகிறது.

வெரிட்டாசியம் என்ற யூடியூப் சேனல் நடத்தும் டெரிக் முல்லரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சேனலுக்கு முன்னால் அவர் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இதைத்தான், இயற்பியல் வீடியோ எப்போது கற்றுத்தருகிறது, எப்போது தருவதில்லை என்று. 2008-ல் முடித்தார். ஒரு குழுவுக்குத் தெளிவாக, நேராக விளக்கும் வீடியோவைக் காட்டினார். நன்றாகப் புரிந்தது, எளிதாக இருந்தது என்றார்கள். முன்னும் பின்னும் வைத்த தேர்வைப் பார்த்தால் மதிப்பெண் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு குழுவுக்குக் காட்டிய வீடியோவில், மாணவர்கள் வழக்கமாக நம்பும் தவறான கருத்தை ஒருவர் சொல்லுவார், இன்னொருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டு அதைச் சரிசெய்வார். பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். மதிப்பெண் ஏறியது அவர்களுக்குத்தான்.

இதற்குக் காரணம், பிள்ளைகள் காலித் தலையோடு வகுப்புக்கு வருவதில்லை. கரண்ட், பல்பு, சத்தம், மழை எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே மனதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தடங்கல் இல்லாமல் ஓடும் வீடியோ அந்தக் கணக்கைத் தொடாமலே போய்விடுகிறது, தாங்கள் நினைத்ததைத்தான் வீடியோவும் சொல்லியது என்று நம்பிக்கையோடு எழுந்து போகிறார்கள். அதனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றே ஒன்று: காட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். திரையைப் பாடம் காட்டும் இடமாக மட்டும் வைக்காமல், பிள்ளை என்ன நினைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவரும் இடமாக மாற்றுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஏழாம் வகுப்பு மின்னோட்டப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேட்டரி, ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்பு, தொடராக இணைத்திருக்கிறது. எந்தப் பல்பு அதிகம் ஒளிரும்? பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் பல்பா, இரண்டாவதா, இரண்டும் ஒரே அளவா? கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் முதல் பல்பு என்பார்கள். கரண்ட் முதல் பல்பில் கொஞ்சம் செலவாகிவிடும், மிச்சம்தான் அடுத்ததற்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. 'ஏன் சும்மா லைட் எரியுது, கரண்ட் செலவாகுதுல்ல' என்று வீட்டில் தினமும் கேட்டு வளரும் பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? 'தொடர்ச் சுற்றில் மின்னோட்டம் எங்கும் சமம்' என்று வீடியோவில் குரல் வரும்போது தலையாட்டும், நோட்டிலும் எழுதிக்கொள்ளும், உள்ளே அந்தச் செலவுக் கணக்கு அப்படியே இருக்கும்.

இப்படிச் செய்யுங்கள். கேள்வியைக் கரும்பலகையில் படத்தோடு வரையுங்கள், போர்டு வேண்டியதே இல்லை. ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு அ, ஆ, இ என்று எழுதிய அட்டைகளில் தன் விடையை நெஞ்சுக்கு நேரே ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். ஒரே நேரத்தில் என்பது முக்கியம், இல்லாவிட்டால் முதல் பெஞ்சு தூக்குவதைப் பார்த்துத்தான் கடைசி பெஞ்சு தூக்கும். எண்ணிக்கொள்ளுங்கள். சரியான விடை எது என்று முகத்தில்கூடக் காட்டாமல், 'பக்கத்தில் வேறு விடை தூக்கியவரிடம் ஏன் என்று சொல்லிச் சம்மதிக்க வையுங்கள்' என்று இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். வகுப்பு சந்தை மாதிரி ஆகும், ஆகட்டும். மறுபடி அட்டை. இந்த இரண்டாவது எண்ணிக்கை பெரும்பாலும் மாறியிருக்கும்.

இது ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மசூர் 1991 முதல் செய்துவரும் முறை. அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார், உங்கள் 34 பேருக்குப் பொருத்திச் சொல்கிறேன். முதல் முறையே 24 பேருக்கு மேல் சரியாகச் சொன்னால் சின்ன விளக்கம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பத்துப் பேருக்கும் குறைவு என்றால் பேசவிட்டுப் பயனில்லை, கருத்தையே திரும்ப நடத்த வேண்டும். நடுவில் வந்தால்தான் அந்தப் பேச்சு வேலை செய்யும். விடையை அழுத்த மாணவர் கையில் சின்ன ரிமோட் கொடுக்கும் வழக்கம் இதோடு சேர்ந்து பரவியது. ஆனால் கனடாவின் கியூபெக்கில் நத்தானியேல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் ஒரு வகுப்புக்கு ரிமோட், இன்னொரு வகுப்புக்கு வெறும் அட்டை கொடுத்து ஒப்பிட்டு 2008-ல் எழுதினார், மாணவர்கள் கற்றதில் வித்தியாசம் இல்லை. கருவி எதுவாக இருந்தாலும் கற்க வைத்தது அந்தக் கேள்வியும் அதையொட்டிய பேச்சும்தான். அதனால் கருவி இல்லை என்று நீங்கள் தயங்கவே வேண்டாம். நெட் இருக்கும் நாளில் யார் எந்த விடை தூக்கினார்கள் என்ற பதிவும் வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. பிள்ளைகளிடம் அச்சடித்த அட்டை, உங்களிடம் ஒரே ஒரு போன். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதுதான் விடை, போன் கேமராவைக் காட்டினால் படித்துக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளையால் பார்த்துக் காப்பியடிக்க முடியாது என்பது கூடுதல் வசதி.

சரி, இரண்டாவது வாக்கெடுப்பும் முடிந்தது, வகுப்பே விடைக்காகத் துடிக்கிறது. இப்போதுதான் திரைக்கு வேலை, அதற்கும் முன்னால் நிஜ பல்புக்கு. பேட்டரியும் டார்ச் பல்பும் ஒயரும் கையில் கிடைக்கிற பொருள், அவற்றைத் திரையில் மட்டும் காட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். இரண்டு பல்பையும் ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். அப்படியும் ஒன்று கொஞ்சம் தூக்கலாக எரிந்தால் பதறாதீர்கள், இடத்தை மாற்றிப் போடச் சொல்லுங்கள், வெளிச்சம் பல்போடு போகிறதா இல்லை இடத்தோடு நிற்கிறதா என்று அவர்களே பார்ப்பார்கள், அது இன்னும் நல்ல பாடம். அதன் பிறகு கண்ணால் பார்க்க முடியாத பகுதிக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களில் (திரையில் நாமே இழுத்து இயக்கிப் பார்க்கும் மாதிரிகள்) மின்சுற்றுக் கட்டும் ஒன்று இருக்கிறது, அதைத் திறங்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் அது, முழுக்க இலவசம், சில உருவகங்கள் தமிழிலும் இருக்கின்றன. சுற்றைக் கட்டினால் எலக்ட்ரான்கள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகர்வது தெரியும், யாரும் பல்புக்குள் தொலைந்துபோவதில்லை. உங்களுக்கு இதில் பெரிய சௌகரியம், ஒவ்வொரு உருவகத்தையும் ஒரே கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், நெட்டே தேவையில்லாமல் பிரவுசரில் ஓடும். நீங்களே எல்லாவற்றையும் இழுத்துக் காட்டாமல், 'மூன்றாவது பல்பு சேர்த்தால் என்ன ஆகும்?' என்று கேட்டு, சொன்ன பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு ஒலியியலுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், வீடியோவால் தர முடியாத அனுபவம் அது. ஃபைஃபாக்ஸ் என்று ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் செய்த இலவச செயலி, போனுக்குள் இருக்கும் உணரிகளை அளவுக் கருவியாக்குகிறது. அதில் சத்தம் கேட்டால் ஓடத் தொடங்கி அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரம் ஒன்று உண்டு. உங்கள் போன் ஒன்று, சக ஆசிரியர் போன் ஒன்று, இரண்டையும் 5 மீட்டர் இடைவெளியில் வராந்தாவில் வையுங்கள். முதல் போன் பக்கம் ஒரு பிள்ளை பலமாக ஒரு தட்டு தட்டட்டும், பிறகு இரண்டாவது போன் பக்கம் இன்னொரு பிள்ளை. இரண்டு போனும் காட்டும் நேரத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சத்தமும் தூரத்துப் போனுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. போகவரப் 10 மீட்டரை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் ஒலியின் வேகம். சுமார் 0.03 வினாடி வரும், 10-ஐ அதனால் வகுத்தால் 330-ஐ ஒட்டி வரும். சுற்றுச் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், சத்துணவுப் பாத்திரம் உருண்டால்கூடக் கடிகாரம் நின்றுவிடும். புத்தகத்தில் அச்சடித்த எண்ணைத் தங்கள் வராந்தாவில் தாங்களே அளந்த பிள்ளைகளுக்கு அந்த எண் மறப்பது கடினம்.

இன்னொன்று, ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்தாதது: போன் கேமராவை பிள்ளைகளின் நோட்டைக் காட்டப் பயன்படுத்துங்கள். ஒரு பிள்ளை வரைந்த மின்சுற்றுப் படத்தைப் பெயர் தெரியாமல் போட்டோ எடுத்துப் போர்டில் பெரிதாகப் போட்டு, 'இதில் எதெல்லாம் சரியாக இருக்கிறது? எந்த இடத்தில் வழி மாறியது?' என்று கேளுங்கள். எதெல்லாம் சரி என்பதை முதலில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வரைந்த பிள்ளை கூனிக் குறுகிப்போகும். முடிந்தால் பக்கத்து வகுப்பிலிருந்தோ போன வருட நோட்டிலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் எந்த வீடியோவுக்கும் உங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று தெரியாது, இந்த ஒரு போட்டோவுக்குத் தெரியும்.

இனி வீடியோ. மணற்கேணியில் இருப்பதில் பல நன்றாகவே இருக்கின்றன, முழுதாக ஒரே மூச்சில் ஓடவிடுவதுதான் தவறு. பல்லூடகத்தில் எப்படிக் கற்கிறோம் என்று பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் ரிச்சர்ட் மேயர் சொல்வது, துண்டு துண்டாக, கற்பவரின் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டினால் நன்றாக நிற்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேளுங்கள். நான் விரும்பிச் சொல்வது இன்னொரு வழி. முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட்டுங்கள், என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும், இரண்டாம் தடவை சத்தத்தோடு ஓட்டி அவர்கள் சொன்னதோடு ஒப்பிடட்டும். வாயே திறக்காத பிள்ளைகள்கூட இதில் பேசிவிடுவார்கள். பாடம் முழுவதற்கும் திரை ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் எரிய வேண்டியதில்லை. கரண்ட் போனாலும் பாடம் போகாது என்ற நிம்மதியும் இதில்தான் இருக்கிறது.

வெறும் தாள் பிரச்சினைக்கு வருகிறேன். பார்த்ததையும் படித்ததையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்கப் பழகுவதுதான் நிற்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரே பகுதியை ஒரு குழு நான்கு முறை படித்தது, இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துப் படித்துப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், உங்கள் வகுப்பின் 'புரிஞ்சுது டீச்சர்' அதுதான். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆகவே போர்டை அணைத்ததும் நோட்டை மூடச் சொல்லி மூன்று சின்னக் கேள்வி, மதிப்பெண் கிடையாது, எழுதியதும் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். அடுத்த பீரியட் தொடக்கத்தில் போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி, போன மாதத்திலிருந்து ஒன்று. மதிப்பெண் போட்டால் பயம் வந்துவிடும், பயம் வந்தால் பார்த்து எழுதுவார்கள், நமக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் அந்த ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு அறிவியல் வீடியோ ஒரு வரம், வாசிக்கத் தெரியாததால் கருத்தும் தெரியாமல் போகும் நிலை அவர்களுக்கு வேண்டாம். வாக்கெடுப்புக் கேள்வியைப் படமாக வரைந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள், பல்பு கேள்வியில் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூர்மையாக வாதாடுவதை நீங்களே பார்ப்பீர்கள். வாசிப்பைத் தனியாக எடுங்கள். அகமதாபாத் ஐஐஎம்-மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1996 முதல் வலியுறுத்திவருவது, பாட்டு எந்த மொழியில் ஓடுகிறதோ அதே மொழியில் வரிகளையும் கீழே ஓடவிட்டால் பார்ப்பவர்கள் தங்களை அறியாமலே வாசிக்கிறார்கள், காலப்போக்கில் வாசிப்பு மேம்படுகிறது என்று. தமிழ் வரி ஓடும் பாட்டோ கதையோ தினமும் சில நிமிடம் போடுங்கள், இரண்டாம் தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர்களே பாடட்டும். ஆனால் அறிவியல் விளக்க வீடியோவில் இதைச் செய்யாதீர்கள். அங்கே படம், குரல், அதே வாக்கியத்தின் எழுத்து மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் கண் எழுத்துக்குப் போய்விடும், படம் கவனிக்கப்படாது; மேயரும் இதைத்தான் சொல்கிறார். நோக்கம் வேறானால் முறையும் வேறாகத்தான் இருக்கும். அப்புறம், இந்த ஏழெட்டுப் பேரின் கண்களைப் பரிசோதித்தார்களா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பலகை தெரியாததால் பின்தங்கிய பிள்ளையை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம், கண்ணாடி ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

பத்து கம்ப்யூட்டர் லேப் உங்களிடம் இருக்கும் அரிய வசதி, அதில் மறுபடி வீடியோ ஓட்டி வீணாக்காதீர்கள். கம்ப்யூட்டரால் செய்ய முடிந்து நம்மால் முடியாதது ஒன்றுதான், 34 பேருக்கும் அவரவர் நிலைக்கு ஏற்ற கணக்கை ஒரே நேரத்தில் கொடுப்பது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மாலை மையங்களில் பயன்படுத்திய நடுநிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றி முரளிதரன், சிங், கனிமியன் மூவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்னால் இருந்தார்கள், மேல் வகுப்பு போகப் போக அந்த இடைவெளி இன்னும் பெரிதானது. மென்பொருள் அவர்களை வகுப்பை வைத்துப் பார்க்காமல் இருக்கும் இடத்திலிருந்து தூக்கிவிட்டது, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். எதிர்ப்பக்கத்துக்குத் தென் அமெரிக்காவின் பெரு நாடு: 2012-ல் வெளிவந்த ஆய்வில் 319 தொடக்கப் பள்ளிகளைப் பார்த்தார்கள், பிள்ளைக்கு ஒரு லேப்டாப் கொடுத்தும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. இன்னும் பொருத்தமான உதாரணம் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில். எட்டாம் வகுப்பு ஆசிரியர் தன் வகுப்பில் சின்னச் சின்ன வீடியோக்களைப் பாடத்தோடு சேர்த்து நடத்தியபோது மதிப்பெண் ஏறியது, ஆசிரியரை ஒதுக்கிவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் டேப்லெட்டை நேராகக் கொடுத்தபோது மதிப்பெண் இறங்கியது. வீடியோவை நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்களே, நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம், நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள்.

லேபுக்கு ஒரே நேரத்தில் 34 பேரையும் கூட்டிப் போகாதீர்கள், ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு தலை சேர்ந்தால் ஒருத்தன் மௌஸை ஆள்வான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், பெண் பிள்ளைகள் பின்னால் போய்விடுவார்கள். பாதி வகுப்பு லேபில், பாதி வகுப்பு வராந்தாவில் நிஜ பேட்டரி பல்போடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். மௌஸ் பிடிப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும், சொல்பவர் மௌஸைத் தொடக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். கண்டிப்பாக இருங்கள். வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் யோசனை வெளியே வருகிறது. ஒரு பாதியை நீங்களும் இன்னொரு பாதியை அந்த மூத்த ஆசிரியரும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அவரைப் பற்றி. 'சாக்பீஸ் போதும்' என்று அவர் சொல்வதில் பாதி சரி, நான் மேலே சொன்னதில் முக்கியமான பகுதி சாக்பீஸிலேயே நடந்துவிடுகிறது. அவரிடம் வாதாடாதீர்கள். அட்டைக் கேள்வியில் சரியான விடை எழுதுவது யாருக்கும் எளிது, பிள்ளைகள் நிஜமாகவே விழும் தவறான விடைகளை எழுதுவதுதான் கஷ்டம். அது பல வருடம் விடைத்தாள் திருத்தியவருக்குத்தான் கைவரும். 'சார், இந்தப் பாடத்தில் பசங்க எங்கே தப்பு விடுவாங்க?' என்று போய்க் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எட்டாம் வகுப்பில் வீட்டுப்பாடம் அதில் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டார்கள். துருக்கியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் பேரிடம் செய்த ஆய்வில், சாட்பாட் உதவியோடு கணக்குப் பழகியவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் மேலாகச் செய்தார்கள், அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது அது இல்லாமல் பழகியவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட்டில் அந்த இறக்கம் பெருமளவு இல்லை. நீங்கள் கேள்வி தயாரிக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள், தமிழிலும் தவறும், அறிவியலிலும் தவறும். பிள்ளைகளின் பெயரோ மதிப்பெண் பட்டியலோ அதில் ஏற்றவே கூடாது.

இன்னொன்று, போன் தேவைப்படும் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும். வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினேன், பார்த்துவிட்டு வா என்றால் பார்க்க முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் நடுவில் நாமே ஒரு கோடு போடுகிறோம். திரை வேலை எல்லாம் பள்ளியிலேயே முடியட்டும். 2018 முதல் பாடநூலிலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, வேண்டியவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும், கட்டாயம் வேண்டாம்.

தலைமை ஆசிரியருக்குப் போட்டோ வேண்டும், அவருக்கும் மேலே கேட்கிறார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் போட்டோவுக்குப் பதிலாக, 34 பேரும் அட்டையைத் தூக்கிக்கொண்டிருக்கும் போட்டோவை, முகம் தெரியாதபடி பின்னாலிருந்து எடுத்துக் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் முதல் வாக்கெடுப்பில் எத்தனை பேர் சரி, இரண்டாவதில் எத்தனை பேர், ஒரு வாரம் கழித்து அதே கருத்தில் வேறு கேள்வி கேட்டபோது எத்தனை பேர் என்று மூன்று எண்ணை எழுதி வையுங்கள். அந்த மூன்றாவது எண்தான் நமக்கு வேண்டியது.

எல்லாப் பாடத்திலும் ஒரே நேரத்தில் தொடங்கினால் களைத்துவிடுவீர்கள், பதிவேடு வேலையே உங்களுக்கு மலையாகக் கிடக்கும் என்று தெரியும். இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்பு மின்னோட்டம் மட்டும். பாடத்துக்கு மூன்று நல்ல கேள்வி போதும், ஃபெட் கோப்பை இப்போதே நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே பழைய காலண்டர் அட்டையில் வெட்டித் தருவார்கள். முடிந்ததும் அந்த மூன்று எண்ணையும், பிள்ளைகள் வாதாடும்போது சொன்ன காரணங்களில் உங்களுக்கு வியப்பாக இருந்தவற்றையும் எழுதி அனுப்புங்கள். முதல் வாக்கெடுப்பிலேயே எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்ட கேள்வி ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள், அதற்குப் பதில் எதைக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.